‘நிற்கிறேன்’ என்ற இடத்தில் ஒரு கறுப்புக் கட்டை

எங்கள் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் ஒருவர் பதினோரு வருடம் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பெயர் பிலோமினாள். கோச்சடையில் தையல்காரர். அப்படி நிற்கச் சொன்னவன் நான்தான். இதை மூன்று தடவை வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெரால்ட். வாரத்தில் ஆறு நாள் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவன். ஏழாம் நாள் எங்கள் பகுதிக் கிறிஸ்தவர்களின் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். வாசிக்கிறவன் என்பது எனக்குக் கொஞ்சம் பெரிய சொல். போகப்போக உங்களுக்கே தெரியும்.

பிலோமினா அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. பிறந்தது சோழவந்தானில். அப்பாவும் அம்மாவும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர்கள். அக்காவும், மூன்று வயது மூத்த உடன்பிறந்தவரான மதலேனாளும் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் தங்கிப் படித்தார்கள். எட்டாவதோடு இரண்டு பேருக்கும் படிப்பு நின்றுவிட்டது. அங்கே கற்ற தையலும் பாட்டும் மட்டும் கூடவே வந்தன. மதலேனாள் சோழவந்தானிலேயே வாழ்க்கைப்பட்டார். பிலோமினா அக்கா கல்யாணமாகிக் கோச்சடைக்கு வந்து, முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தார்.

பள்ளிச் சீருடை, பீடச் சிறுவர்களின் அங்கி, முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் எல்லாம் அவர் கையில்தான். சிம்மக்கல் மொத்தக் கடைகளில் நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பாட்டுப் பயிற்சிக்கு வரும்போதும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஒருமுறை ஆயர் வந்த பூசையிலும் டேப்போடேதான் நின்றார். யாரும் சொல்லவில்லை, அவருக்கும் ஞாபகம் இல்லை.

சன்னமான குரல். ராகத்தை எடுத்துப் பாடுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் ராகத்தைப் பாடும்போது அதற்குக் கீழே ஒட்டி நடக்கும் இரண்டாம் குரல் அவருடையது. எங்கள் பங்கில் இறந்தவர்களின் அடக்கத்துக்குப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த விடுதியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் அமைத்தது. பிலோமினா அக்காதான் அதை எங்களுக்குக் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்தார். ‘உம் வாசலில் நிற்கிறேன், திறவும் ஐயா’ என்று வரும். அதில் ‘நிற்கிறேன்’ என்ற இடத்தில் ராகம் அசையாமல் நிற்கும். இரண்டாம் குரல் மட்டும் ஒரு சின்னப் படி மேலே ஏறும். ‘திறவும்’ என்று வரும்போது இன்னொரு படி ஏறும். மதலேனாள் மேல் குரல், இவர் கீழ்க் குரல் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் சொந்தக்காரர் வீட்டுச் சாவுகளில் சேர்ந்து பாடிய பாட்டு அது.

நான் வருவதற்கு முன்னால் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் தனிஸ்லாஸ் சார், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், இப்போதும் குழுவில்தான் இருக்கிறார். அவர் ராகத்தை மட்டும் வாசிப்பார். அதனால் யார் பாட்டும் யார் பாட்டோடும் இடிக்கவில்லை.

அப்புறம்தான் பங்குக்குப் புதுக் கீபோர்டு வந்தது, கூடவே நானும் வந்தேன். கச்சேரிக் குழுவில் இருந்த நண்பன் ஒருவனிடம் மூன்று மாதம் கற்றிருந்தேன். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பதைக் கார்டு என்பார்கள். மேஜர், மைனர், செவன்த் என்று மூன்று வகை எனக்குத் தெரியும். அதற்குமேல் உலகத்தில் ஏதும் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அந்தக் கீபோர்டில் ஒரு வசதி இருந்தது. இடது கையில் ஒரே ஒரு விரலை வைத்தால் போதும், மிச்ச சுரங்களை அதுவே போட்டு, தாளமும் சேர்த்துக் கொடுத்துவிடும். கேட்டவர்களின் கைதட்டல் அந்த வசதிக்குத்தான் என்பது புரியாமல் நான் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

2013 தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஓர் அடக்கம் இருந்தது. இந்தப் பாட்டுக்குப் பயிற்சி நடந்தது. ‘நிற்கிறேன்’ என்ற இடம் வந்ததும் பல் கூசுவதுபோல ஒரு சத்தம். நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தோம். அதே இடத்தில் அதே சத்தம். இரண்டாம் வரிசையை ஒவ்வொருவராகப் பாடச் சொல்லி, ஆளைக் கண்டுபிடித்தேன்.

“அக்கா, அந்த எடத்துல நீங்க தப்பா ஏறுறீங்க” என்றேன்.

“அப்படித்தான் தம்பி எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க.”

“மிஷின் பொய் சொல்லுமாக்கா? நீங்களே கேளுங்க.”

ஒற்றை விரலை அமுக்கிவிட்டு அவரைப் பாடச் சொன்னேன். இடித்தது. எல்லாரும் கேட்டார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தைரியம் கொடுத்தது. “இம்புட்டு நாளு எப்படித்தான் விட்டாங்களோ. நாளைக்கு நீங்க வாயை மட்டும் அசைங்கக்கா. சத்தம் வேணாம்” என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவருக்கு நாற்பத்தேழு. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “சரி தம்பி” என்றார்.

அடக்கத்துக்கு வந்தார், நின்றார், வாயை அசைத்தார். பாட்டு சுத்தமாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. 2015இல் என் கல்யாணத்துக்கு மணப்பெண் ஜாய்ஸின் ரவிக்கையை அவர்தான் தைத்தார். கூலி கொடுத்தபோது வாங்காமல் ஜாய்ஸின் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜாய்ஸும் குழுவில் சேர்ந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “பிலோமினாக்கா எந்தப் பாட்டுமே பாடுறதில்லங்க. பக்கத்துலதான நிக்கிறேன், காத்துதான் வருது” என்றாள்.

“வயசாயிருச்சு, தொண்டை போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன். ஒரு பாட்டுக்குச் சொன்னதை அவர் எல்லாப் பாட்டுக்கும் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம். உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்தது. கிளறிப் பார்க்க மனம் வரவில்லை.

போன வருடம் பள்ளியில் மாலை நேர இசை வகுப்பு தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். இசைக் கோட்பாட்டில் ஒரு தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருந்தால் என்னையே எடுக்கச் சொல்லலாம் என்றார் தலைமையாசிரியர். புத்தகம் வாங்கினேன். நாற்பது வயதில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து ஜாய்ஸ் சற்றுக் கண்ணயர்ந்திருந்தாள். அப்போதுதான் ஆக்மென்டட் கார்டு என்ற பாடத்துக்கு வந்தேன்.

விஷயம் சின்னதுதான். சி என்ற கட்டையில் தொடங்கினால் மேஜர் கார்டுக்கு அடுத்த சுரம் இ. அது நான்கு கட்டை தள்ளி இருக்கிறது, வெள்ளை கறுப்பு எல்லாம் சேர்த்து எண்ண வேண்டும். அதற்கு அடுத்தது ஜி, மூன்று கட்டை தள்ளி. நான்கும் மூன்றும் என்ற அந்த ஏற்றத்தாழ்வில்தான் அது ஊன்றி நிற்கிறது. ஆக்மென்டட்டில் அந்த ஜி-யை ஒரு கட்டை மேலே தள்ளி, பக்கத்துக் கறுப்புக் கட்டையில் வைக்கிறார்கள். இப்போது நான்கும் நான்கும். அங்கிருந்து மேல் சி-க்கு எண்ணினால் அதுவும் நான்கு. மூன்று பக்கமும் ஒரே அளவு. அதனால் எது அடி, எது முடி என்று காதுக்குத் தெரியாது. மூன்றில் எதிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் அதே மூன்று சுரங்கள்தான் வரும். கட்டைகள் பன்னிரண்டும் இப்படி மும்மூன்றாகப் பிரிந்துபோவதால் மொத்தமே நான்கு ஆக்மென்டட் கார்டுகள்தான் உண்டு. அதைத் தனியாக வாசித்தால் முடியாத பேச்சுபோல இருக்கும். எங்காவது போய்ச் சேரவேண்டும் என்று காது தவிக்கும்.

போய்ச் சேரும் வழிக்குப் புத்தகத்தில் ஒரு உதாரணம் இருந்தது. சி மேஜர், சி ஆக்மென்டட், எஃப் மேஜர். அடுத்தடுத்து மூன்று. இவற்றில் சி அசையாது. ஒரு சுரம் ஜி-யிலிருந்து கறுப்புக் கட்டைக்கும், அங்கிருந்து ஏ-க்கும் படிப்படியாக ஏறும். ஒற்றை விரல் வசதியை அணைத்துவிட்டு, கை நிறைய வைத்து வாசித்தேன்.

உம் வாசலில். நிற்கிறேன். திறவும்.

கையை எடுக்க முடியவில்லை. மறுபடி வாசித்தேன். இடிக்கவே இல்லை. பிலோமினா அக்கா ஏறிய அந்தச் சுரம் அதற்காகவே வெட்டி வைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் சரியான கட்டையில்தான் நின்றிருக்கிறார். நான் ஒற்றை விரலை வைத்து, அவர் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்துக் கட்டையை ஊரறிய ஒலிக்கவிட்டு, அவரைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன். மிஷின் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

ஜாய்ஸை எழுப்பி வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.

அக்கா வீட்டு முன்னறை முழுக்க வெள்ளைத் துணி. புதுநன்மைக் கவுன்கள். ஒரு கவுனின் கைத்துண்டை உடல்துண்டோடு சேர்த்து வைத்து, தள்ளித் தள்ளிக் குத்தி நூல் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை ஒதுக்கி நாற்காலியில் இடம் செய்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். மதலேனாளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கல்லீரலில் கட்டி. டாக்டர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“சாயங்காலம் பாக்கப் போறேன் தம்பி. நல்லாப் பேசுறா, ஆனா எம்புட்டு நாளைக்குன்னு தெரியல. ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம குழுவே வந்து அந்தப் பாட்டைப் பாடணும். அவளுக்கு அது உசுரு.”

“கண்டிப்பாப் பாடிருவோம்க்கா.”

“தப்பில்லாமப் பாடிருங்க. நான் பொணத்துக்குப் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன், நடுவுல சேந்து கெடுத்துற மாட்டேன்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. ஆனால், உடன்பிறந்தவள் சாகக் கிடக்கும்போது இந்தப் பழைய கதை எதற்கு, இன்னொரு நாள் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருடைய நல்லதுக்காகத்தான் சொல்லவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். “வாரேன்க்கா” என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் ஜாய்ஸ் கேட்டபோது, “அவங்க இருக்குற நெலமையில சொல்ல முடியல” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து மதலேனாள் இறந்துபோனார். மறுநாள் காலை குழுவை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு சோழவந்தானுக்குக் கிளம்பினோம். அந்த மூன்று வாரமும் நான் ஜாய்ஸுக்கு இரண்டாம் குரலைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேனில் அவள் அதைப் பாடிப் பார்த்ததும் பின்சீட்டிலிருந்து ஒருவர், “இது பிலோமினாக்கா பாடுன தப்புல்ல?” என்று கேட்டார்.

வண்டி வைகையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். “அது தப்பில்ல. தப்பு என்னுது” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை விரல், கறுப்புக் கட்டை, வாயை அசைக்கச் சொன்னது, பதினோரு வருடம். அன்றைக்குச் சிரித்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தனிஸ்லாஸ் சார் மட்டும், “எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு தம்பி. ஆனா எனக்குக் கீபோர்டு தெரியாதேன்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றார்.

சின்ன வீடு. வாசலில் சாமியானா. உள்ளே ஃப்ரீசர் பெட்டியில் மதலேனாள். அதன் தலைமாட்டில் பிலோமினா அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கீபோர்டைப் போட்டுக்கொடுத்தார்கள். பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்து முடித்ததும் பாட்டை ஆரம்பித்தோம்.

முதல் தடவை ‘நிற்கிறேன்’ வந்தது. ஐந்து விரலும் பரப்பி அந்தக் கார்டை வைத்தேன். ஜாய்ஸ் கறுப்புக் கட்டைக்கு ஏறினாள். பிலோமினா அக்கா தலையைத் தூக்கினார். முதலில் ஜாய்ஸைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கட்டைகளுக்குத் தாழ்த்திக்கொண்டேன். அடுத்த அடியில் அந்த இடம் மறுபடி வந்தபோது ஓரக்கண்ணால் கவனித்தேன். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

கல்லறையிலிருந்து திரும்பி, கைகால் கழுவி, சாமியானாவுக்குள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் குனிந்துகொண்டே முழுவதையும் சொன்னேன். அந்தக் கார்டு எப்படி என்றும் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

“இதுக்கா தம்பி புஸ்தகம்?” என்றார். குரலில் கோபம் இல்லை. “ரெண்டு துணியச் சேத்துத் தைக்கிறதுக்கு முன்னாடி நூலு ஓட்டி வைப்போம்ல. அது தையல் இல்ல, அப்புறம் பிரிச்சுப் போடுறதுதான். ஆனா அது இல்லாம மிஷின்ல விட்டா துணி நகந்துரும். அந்த எடமும் அது மாதிரித்தான். சிஸ்டர் அப்படித்தான் எங்களுக்குச் சொன்னாங்க.”

“என்னை மன்னிச்சிருங்கக்கா.”

“எப்பத் தெரிஞ்சுச்சு?” என்று கேட்டார்.

“மூணு வாரமாச்சுக்கா.”

“நீங்க வீட்டுக்கு வந்தன்னைக்கா?”

“அன்னைக்குத்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

டம்ளரைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை எடுத்து மடியில் மடித்து மடித்து நீவினார், துணியின் சுருக்கத்தை எடுப்பதுபோல.

“அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல. அந்தப் பாட்டைப் பாடு புள்ளன்னு கேட்டா. ரொம்ப நாளா நீ பாடிக் கேக்கவே இல்லையேன்னா. அவளே மேல் குரலை முனகி ஆரம்பிச்சு வேற குடுத்தா. நான் பாடல தம்பி. எனக்கு இப்பச் சுருதி சேர்றதில்ல, போற நேரத்துல தப்பும் தவறுமா எதுக்குக் கேக்குறன்னு சொல்லிட்டேன். மறுநாளே அவளுக்கு நெனவு தப்பிருச்சு.”

அழவில்லை. சொல்லிவிட்டு எழுந்து, இறந்தவர் வீட்டு வேலைகளைப் பார்க்க உள்ளே போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். பதினோரு வருடத் தப்புக்காவது நான் தெரியாமல் செய்தேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்த ஒரு சாயங்காலத்துக்கு என்னிடம் எந்தப் பேச்சும் இல்லை.

மதலேனாளின் முப்பதாம் நாள் பூசையைப் பிலோமினா அக்கா எங்கள் பங்கிலேயே வைத்தார். கழுத்தில் டேப்போடு வந்து இரண்டாம் வரிசையில் நின்றார். ஜாய்ஸ் தள்ளி இடம் கொடுத்தாள். அவர் பாடினார். குரல் தூசி படிந்து கரகரத்தது, மூச்சும் பாதியில் அறுந்தது. ஆனால் ‘நிற்கிறேன்’ வந்தபோது அந்தக் கறுப்புக் கட்டையில் மிகச்சரியாகப் போய் நின்றார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் ‘திறவும்’ என்று ஏறிய பிறகுதான் மறுபடி வைத்தேன்.

பூசை முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“சரியா வந்துச்சா தம்பி?”

“சரியா தப்பான்னு இனிமே நான் சொல்லக்கூடாதுக்கா. நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

“நான் என்னத்தச் சொல்ல. மதலேனாதான சொல்லணும்” என்றார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.